டிவியில் படம் திக்குகிறதா? முதலில் மவுஸை ஆட்டிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப், விண்டோஸ் 10. அதைப் புதிதாக வாங்கிய 43 இன்ச் 4கே டிவியோடு எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்திருக்கிறீர்கள். சினிமா பார்க்கும்போது கேமரா நகரும் இடமெல்லாம் படம் திக்கித் திக்கி நகர்கிறது. யூடியூபில் 4கே வைத்தால் பாட்டு ஓடுகிறது, படம் நின்றுவிடுகிறது. இது போக, அவ்வப்போது டிவி ஒன்றிரண்டு நொடி கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது. கேபிளை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. லேப்டாப் திரையிலேயே பார்த்தால் இவ்வளவு மோசமில்லை. லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். இன்றைக்கு ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே கோளாறு இல்லை, மூன்று தனித்தனிக் கோளாறுகள். எல்லாவற்றையும் "ஸ்டக் ஆகுது" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால்தான் கடைக்காரரும் கேபிளை எடுத்து நீட்டுகிறார்.

லேப்டாப்பிலிருந்து படம் டிவிக்குப் போக மூன்று வேலைகள் நடக்க வேண்டும். சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துப் படங்களாக்க வேண்டும். அந்தப் படங்களைச் சரியான நேரத்தில் திரைக்குத் தள்ள வேண்டும். தள்ளியது கம்பி வழியாகச் சிதையாமல் போய்ச் சேர வேண்டும். எது கெட்டிருக்கிறது என்பதை அது திக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். பிரிப்பதில் சிக்கல் என்றால் தாளமே இருக்காது. சண்டைக் காட்சி, மழை, கூட்டம் வரும் இடங்களில் திணறும், அமைதியான காட்சியில் சரியாகிவிடும். நேரத்தில் சிக்கல் என்றால் திக்கல் ஒரே தாளத்தில் வந்துகொண்டே இருக்கும். கம்பியில் சிக்கல் என்றால் படம் ஓடுகிறதா நிற்கிறதா என்ற கணக்கே அதற்குக் கிடையாது. படத்தைப் பாஸ் (pause) போட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் திரை கறுத்தாலோ, வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்தாலோ, பிளேயரும் வீடியோ கோப்பும் குற்றமற்றவை.

சரி, முதல் கோளாறு. எதையும் ஓட்டாமல் டெஸ்க்டாப்பை மட்டும் டிவியில் வைத்துக்கொண்டு மவுஸை வட்டமாக வேகமாக ஆட்டுங்கள். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகாமல், துள்ளித் துள்ளி, சேற்றில் இழுப்பதுபோல் வருகிறதா? உங்கள் லேப்டாப்பில் வரும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அது 4கே-யை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. உங்கள் வயதொத்த பல லேப்டாப்களில் இருப்பது எச்.டி.எம்.ஐ. 1.4. 2009-இல் வந்த தரம், நொடிக்கு 10.2 ஜிகாபிட் வரை தாங்கும். 4கே அளவுப் படத்தை அதில் நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்ப வழியில்லை. நொடிக்கு 60 முறை 4கே வேண்டுமென்றால் 2013-இல் வந்த 2.0, அதாவது 18 ஜிகாபிட், இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். உங்கள் டிவியில் அது இருக்கும், லேப்டாப்பில் இல்லை. இரண்டில் எது சிறியதோ அதுதான் செல்லுபடியாகும். நடுவில் போடும் கேபிள் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், தங்க முலாம் பூசியிருந்தாலும், இதில் ஒன்றும் மாறாது. டிவியைப் பார்த்ததும் "இது 4கே, அதையே அனுப்புவோம்" என்று விண்டோஸ் தானாக முடிவெடுத்துவிடுகிறது. அங்கே ஆரம்பிக்கிறது எல்லாம்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள். ரெசல்யூஷனை 1920 × 1080 ஆக்குங்கள். பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டிவியைத் தேர்ந்தெடுத்து, ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற எண், 60 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது மறுபடி மவுஸை ஆட்டுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். "4கே டிவி வாங்கிவிட்டு 1080 அனுப்புவதா?" என்று மனசு கேட்காது. ஆனால் அந்த 1080-ஐ 4கே பேனலுக்கு விரித்துக்கொள்ளும் வேலையை இன்றைய டிவிகள் நன்றாகவே செய்கின்றன. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து 43 இன்ச் பார்ப்பவருக்கு 1080-க்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, திக்காமல் ஓடுவதற்கும் திக்குவதற்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரிது.

கையோடு விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' வைத்துவிடுங்கள். இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் டூப்ளிகேட் முறையில், லேப்டாப் திரையின் வேகமும் டிவியின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் யாராவது ஒருவருக்குத் திக்கும். பெரும்பாலும் அது டிவியாகத்தான் இருக்கும்.

இதோடு கிரிக்கெட்டும், 4கே தவிர மற்ற யூடியூப் வீடியோக்களும் சீராகிவிடும். சினிமா மட்டும் இன்னும் லேசாகத் திக்கும். கோபுரத்தை அடியிலிருந்து உச்சிவரை கேமரா மெல்ல மேலேற்றும் காட்சியையோ, கடைசியில் பெயர்கள் உருண்டு போவதையோ பாருங்கள். நின்று நின்று போவதுபோல் இருக்கும். இதைத்தான் பலர் லேப்டாப் பழசாகிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நேற்று வாங்கிய லேப்டாப்பிலும் இது இருக்கும்.

60 இட்லி இருக்கிறது, பந்தியில் 24 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டரை வருகிறது. இட்லியை உடைக்கக் கூடாது என்றால் என்ன செய்வீர்கள்? ஒருவருக்கு மூன்று, அடுத்தவருக்கு இரண்டு, மறுபடி மூன்று, இரண்டு என்று வைத்துக்கொண்டு போவீர்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. ஆக ஒரு ஃப்ரேம் 50 மில்லிநொடி நிற்கிறது, அடுத்தது 33 மில்லிநொடிதான் நிற்கிறது. வேகமாக ஓடும் காட்சியில் இது தெரியாது. மெதுவாக, ஒரே சீராக நகரும் காட்சியில் கண் பிடித்துவிடும். நீங்கள் முன்பு வைத்திருந்த 30 ஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம். 24 பேருக்கு 30 இட்லி. மூன்று பேருக்கு ஒவ்வொன்று, நாலாவது ஆளுக்கு மட்டும் இரண்டு. நொடிக்கு ஆறு இடறல்.

தீர்வு, இட்லியை 24 ஆக்குவது. சினிமா பார்க்கும்போது மட்டும் அதே ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 24-ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கே 23 அல்லது 23.976 என்று இன்னொன்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். 1953-இல் அமெரிக்காவில் கலர் டிவிக்கு அங்கீகாரம் கொடுத்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அதே அலை ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றிருந்ததை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். அந்தக் கணக்கை ஒட்டி 24-உம் 23.976 ஆயிற்று. எழுபது வருடத்துக்கு முன்னால் யாரோ போட்ட கணக்கு, இன்று நம் வீட்டு ஹாலில் வந்து இடறுகிறது. இன்று கையில் கிடைக்கும் சினிமாக் கோப்புகளில் நிறைய 23.976-தான். அதை 24 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் இடறும். பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிகிறது என்றால் 23.976-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பில் என்ன இருக்கிறது என்பதை வி.எல்.சி. பிளேயரில் கன்ட்ரோல், ஜே இரண்டையும் அழுத்தினால் 'ஃப்ரேம் ரேட்' என்ற வரியில் காட்டும்.

நம் ஊர் டிவி சீரியல்கள், பழைய நிகழ்ச்சிகளின் பதிவுகள் கதை வேறு. இந்தியா பின்பற்றியது பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை. நொடிக்கு 25 ஃப்ரேம். அவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு தடவை வரும், எந்தக் கஷ்டமும் இல்லை. அந்தப் பதிவுகளில் ஆட்கள் நகரும்போது ஓரங்களில் சீப்பின் பல்போல் கோடு கோடாகத் தெரிந்தால் அது திக்கல் இல்லை, ஒரு ஃப்ரேமை ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாக அனுப்புவதால் வரும் இன்டர்லேஸ் கோடுகள். வி.எல்.சி.யில் டி விசையை அழுத்தினால் போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்றால் கோடி (Kodi) என்ற இலவச பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிளேயர் செட்டிங்ஸில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் கோப்புக்கு ஏற்றபடி தானே மாற்றி, படம் முடிந்ததும் பழையபடி வைத்துவிடும். மாற்றும்போது டிவி ஒரு கணம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும்: சில விலை குறைந்த டிவிகள் 24-ஐ வாங்கிக்கொண்டு உள்ளே போய் மறுபடி 60 ஆக்கிக் காட்டும். 24 வைத்தும் கோபுரக் காட்சியில் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் உங்கள் டிவி அந்த ரகம், 60-லேயே விட்டுவிடுங்கள்.

டிவி மெனுவில் படத்தை மழமழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ், சோனியில் மோஷன்ஃப்ளோ. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இல்லாத ஒன்றை டிவியே ஊகித்துச் செருகும் வேலை. கம்ப்யூட்டரிலிருந்து மூன்று, இரண்டு என்று கோணலாக வருவதை வைத்துக்கொண்டு ஊகித்தால், ஓடுகிறவரின் கால் ஓரத்தில் காற்று கலங்குவதுபோல் ஒரு நெளிவு தெரியும். என் கட்சி, அதை அணைத்துவிடுவது. சிலருக்கு அந்த மழமழப்பு பிடிக்கும், அவரவர் கண்.

இரண்டாவது, யூடியூப். இங்கே டிவிக்குச் சம்பந்தமே இல்லை. வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். அதில் கோடெக்ஸ் (வீடியோவைச் சுருக்கிய முறை) என்ற வரியையும், விட்டுப்போன ஃப்ரேம்களைக் காட்டும் எண்ணையும் பாருங்கள். விட்டுப்போன எண்ணிக்கை டாக்சி மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போனால் லேப்டாப்பால் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். அது ஏறவில்லை, ஆனால் சுற்றும் வளையம் வந்து நிற்கிறது என்றால் இணைய வேகம்தான் பிரச்சினை, லேப்டாப்பைத் திட்டாதீர்கள்.

வீடியோவைப் பிரிக்க கிராஃபிக்ஸ் சிப்பிலேயே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதற்குத் தெரிந்த முறையில் சுருக்கிய வீடியோ என்றால் பிராசஸருக்கு வேர்க்காது. தெரியாத முறை என்றால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். எச்.264 என்ற சுருக்கு முறை எல்லா சிப்புக்கும் தெரியும். எச்.265 உங்கள் ஆறாம் தலைமுறைக்குத் தெரியும், ஆனால் 8-பிட் (நிறத்தைப் பதிக்கும் நுணுக்க அளவு) மட்டும். 10-பிட் எச்.265-உம் வி.பி.9-உம் ஏழாம் தலைமுறையில்தான் முழுசாக வந்தன. ஏ.வி.1 பதினொன்றாம் தலைமுறையில், 2020-இல் வந்தது. யூடியூப் 1080 வரைக்கும்தான் எச்.264 தருகிறது, அதற்கு மேல் போனால் வி.பி.9 அல்லது ஏ.வி.1 மட்டும். உங்கள் லேப்டாப்பில் 4கே நின்றுபோவதன் ரகசியம் அவ்வளவுதான். 1080-க்கு இறக்குங்கள். டிவிக்கு அனுப்புவதே இப்போது 1080 என்பதால் நஷ்டமும் பெரிதாக இல்லை. 1080-இலும் திணறினால், யூடியூபை எச்.264 மட்டும் கொடுக்க வைக்கும் சின்ன எக்ஸ்டென்ஷன்கள் குரோமுக்கு உண்டு, ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். குரோமின் சிஸ்டம் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் அணைந்து கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். எப்போதோ வேறு ஏதோ பிரச்சினைக்காக யாராவது அணைத்திருப்பார்கள்.

ஒரே நண்பரிடம் வாங்கிய இரண்டு எச்.265 கோப்புகளில் ஒன்று வெண்ணெய்போல் ஓடி, மற்றது இழுப்பதும் இந்த 8-பிட், 10-பிட் விவகாரம்தான். டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்துகொண்டு ஓட்டிப் பாருங்கள். 'வீடியோ டிகோட்' கோடு தரையோடு படுத்துக் கிடக்க, பிராசஸர் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த லேப்டாப்புக்கு அந்தக் கோப்பு ஆகாது. அதை எச்.264-க்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பென் டிரைவில் போட்டு டிவியிலேயே செருகிவிடுங்கள். இன்றைய 4கே டிவிகளின் சிப் பத்து வருடப் பழைய லேப்டாப்பைவிட இந்த ஒரு வேலையில் கெட்டிக்காரன்.

சமீபத்தில் லேப்டாப்பை ஃபார்மேட் போட்டீர்களா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே போடவில்லை. மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. முதலில் டிரைவர். அதே மாதிரி, பேட்டரி சேவரில் ஓடிக்கொண்டிருப்பது, காற்றுப்போக்கியில் தூசு அடைத்து அரை மணி நேரம் கழித்துத் திணற ஆரம்பிப்பது, இவையும் காரணமாகலாம். இரண்டாவது நம் ஊர் வெயிலில் ரொம்ப சாதாரணம். லேப்டாப்பை மெத்தையின் மேல் வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தமான விஷயம். திரை கறுப்பது.

சில வருடம் முன்பு என் அத்தை வீட்டில் இதே புகார். கேபிளை மாற்றி, டிவி பிராண்டின் சர்வீஸ் ஆளையும் வரவழைத்துப் பார்த்தாயிற்று. அவர் வந்த அரை மணி நேரமும் டிவி சமர்த்தாக ஓடியது. நான் போனபோது அத்தை என்னைப் பேசவே விடவில்லை. "நீ சும்மா உட்காருடா, இப்ப பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஃபேன் சுவிட்சை அணைத்தார். டிவி கறுத்தது, இரண்டு நொடியில் திரும்பி வந்தது. மறுபடி போட்டு அணைத்தார். மறுபடி கறுத்தது. "இதைச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்" என்றார்.

அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஃபேன், டியூப் லைட்டின் பழைய சோக், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் மாதிரியானவை அணையும்போது சுவிட்சுக்குள் ஒரு பொறி பறக்கும். அந்த ஒரு கண மின் இரைச்சலைப் பக்கத்தில் போகும் கேபிள் ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். சிக்னல் ஒரு கணம் அறுந்தாலும் டிவியும் லேப்டாப்பும் மறுபடி முதலிலிருந்து ஒன்றையொன்று விசாரித்துக் கை குலுக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றிரண்டு நொடிதான் கறுப்பு. அத்தை வீட்டில் பத்து மீட்டர் கேபிள், அதுவும் பெயரில்லாத சரக்கு, கரண்ட் வயர் போகும் அதே கேசிங்கில் சேர்த்து அடைக்கப்பட்டிருந்தது. லேப்டாப்பை டிவி பக்கத்து ஸ்டூலுக்கு நகர்த்தி, ஒன்றரை மீட்டர் கேபிள் போட்டேன். அதோடு சரி.

உங்கள் வீட்டில் எப்போது கறுக்கிறது என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள். ஃப்ரிட்ஜ் நிற்கும்போதா, மோட்டார் போடும்போதா? கேபிள் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும், மின் வயரோடு ஒட்டிப் போகாமல் இருக்கட்டும். நீங்கள் 4கே-யிலிருந்து 1080-க்கு இறங்கியதே பாதி மருந்து; கம்பியில் போகும் சுமை குறைந்தால் சின்ன இரைச்சலைத் தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீரென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் எர்த் இல்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது அந்த சாக்கெட்டில் எர்த் வயரே இருக்காது. இதோடு செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரும் டிவியில் சேர்ந்தால், அது தெருவிலிருந்து வேறொரு மின்னழுத்தத்தைக் கொண்டுவரும். அந்த வித்தியாசம் எச்.டி.எம்.ஐ. கேபிளின் உறை வழியாகத்தான் ஓடும். சோதிப்பது சுலபம். சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, கேபிள் டிவி ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் கறுப்பது நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டுக்கு எர்த் போடச் சொல்லுங்கள். அதுவரை எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகுவதோ பிடுங்குவதோ, இரண்டு பக்கமும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். இப்படி ஓடுகிற நிலையில் செருகி எச்.டி.எம்.ஐ. போர்ட் போன டிவிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் இருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 24-க்கு மாற்றியதும் சிலருக்கு வரும். வி.எல்.சி.யில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிநொடி முன்னும் பின்னும் நகர்த்தும். அது போதும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் 1080, 60 ஹெர்ட்ஸ், செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி. ஒரு நாள் அப்படியே ஓட்டுங்கள். அப்புறம் சினிமாவுக்கு 24. அப்புறம் கம்பியும் எர்த்தும். மூன்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகும் தொல்லை இருந்தால் எழுதுங்கள். எழுதும்போது ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு, கோப்பின் ஃப்ரேம் ரேட் எவ்வளவு, பாஸ் போட்டபோதும் வந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள். ஃபேன் சுவிட்சையும் ஒரு தடவை போட்டு அணைத்துப் பார்த்துவிடுங்கள்.